‘ஆன் ஏஞ்சல் அட் மை டேபிள்’ திரைப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த மாதிரிப் படம்?

நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேம் தன் வாழ்க்கைக் கதையை மூன்று பாகங்களாக எழுதினார். அந்த மூன்றையும் சேர்த்து ஜேன் கேம்பியன் 1990இல் இயக்கிய படம் இது. ஏழை ரயில்வே குடும்பத்தில் பிறந்த, கூச்சம் மிகுந்த ஒரு பெண். பைத்தியம் என்று முடிவுகட்டி, அவருடைய இருபதுகளில் பெரும்பகுதியை மனநல மருத்துவமனைகளில் கழிக்க வைத்தார்கள். மூளையில் கத்தி வைக்க நாள் குறித்த பிறகு தப்பித்து, பின்னால் தன் நாட்டின் மிக முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவராக ஆனார். கேட்டால் சினிமாவுக்காக ஜோடித்த கதை போலத் தோன்றும். நடந்தது இதுதான். படமும் இதை உரக்கச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலச் சொல்கிறது.

ஜேனட் ஃப்ரேம் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

1924 ஆகஸ்டில் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் உள்ள டனீடின் நகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா கவிதை எழுதி, அதை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர். ஐந்து பிள்ளைகளில் ஜேனட் மூன்றாவது. ஓமரு என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். அவர்கள் வாழ்ந்த ஈடன் தெரு வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது.

நாவல், சிறுகதை, கவிதை, சுயசரிதை எல்லாம் எழுதினார். 1989இல் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘ஆர்டர் ஆஃப் நியூசிலாந்து’ என்ற, அந்த நாட்டின் மிக உயர்ந்த விருது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் அடிபட்டதும் உண்டு. 2004 ஜனவரியில், பிறந்த ஊரான டனீடினிலேயே இறந்தார்.

இது சுயாதீனப் படமா, டிவி தொடரா?

இரண்டும்தான். முதலில் மூன்று பகுதி டிவி தொடராகத் திட்டமிட்டார்கள். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. ஹைபிஸ்கஸ் ஃபிலிம்ஸ் என்ற சிறிய நியூசிலாந்து நிறுவனத்துக்காக பிரிஜெட் ஐகின் தயாரித்தார். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் நாடுகளின் தொலைக்காட்சி நிறுவனங்கள் துணை நின்றன. பிறகு மூன்றையும் ஒன்றாக்கி 158 நிமிடப் படமாகத் திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்படி வந்த படம் 1990 வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும் பரிசை வென்றது. அமெரிக்காவின் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளிலும் சிறந்த வெளிநாட்டுப் படமாகத் தேர்வானது.

ஜேன் கேம்பியன் ஏன் இந்தக் கதையை எடுத்தார்?

கேம்பியனும் நியூசிலாந்துக்காரர். பதின்வயதிலேயே ஜேனட்டின் முதல் நாவலைப் படித்து அதில் மூழ்கியவர். சுயசரிதையின் முதல் பாகம் 1982இல் வந்ததும் அதைப் படித்துவிட்டு, படமாக்க உரிமை கேட்டு ஜேனட்டை நேரில் போய்ப் பார்த்தார். அப்போது அவர் சிட்னியில் சினிமா படித்துக்கொண்டிருந்த மாணவி. ஒரு முழுநீளப் படம்கூட எடுத்திருக்கவில்லை.

மீதிப் பாகங்களும் வரும்வரை காத்திருந்து, லாரா ஜோன்ஸ் எழுதிய திரைக்கதையை வைத்து எடுத்தார். கேம்பியனை உலகம் முழுவதும் தெரியவைத்த ‘தி பியானோ’ வந்தது இதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1993இல். அந்தப் படத்தால் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற முதல் பெண் இயக்குநர் ஆனார். இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, ஸ்டூவர்ட் டிரைபர்க். ‘தி பியானோ’ பெரிய படம், சந்தேகமில்லை. ஆனாலும் கேம்பியன் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை கெடுமா?

கெடாது. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றத்தை நம்பி எடுத்த படம் இல்லை இது.

முதல் பகுதி குழந்தைப் பருவம். சிவந்த சுருட்டை முடியோடு ஒரு குண்டுக் குழந்தை, பச்சை வயல்களுக்கு நடுவில் நீண்ட சாலையில் தனியாக நடந்து வருகிறது. கேமராவைப் பார்த்ததும் பயந்து திரும்பி ஓடுகிறது. ஒரே கட்டிலில் நெருக்கியடித்துத் தூங்கும் அக்கா தங்கைகள், வலிப்பு நோயால் அவதிப்படும் அண்ணன், வறுமை, புத்தகங்கள். 1937இல் பெரிய அக்கா மிர்ட்டில் நீரில் மூழ்கி இறந்துபோகிறாள். பத்து வருடம் கழித்து தங்கை இசபெல்லும் அதேபோல நீரில் மூழ்கி இறக்கிறாள். இரண்டையும் படம் நேரில் காட்டுவதில்லை. செய்தி வீட்டுக்கு வந்து சேர்வதைத்தான் பார்க்கிறோம்.

இரண்டாம் பகுதியில் ஆசிரியர் பயிற்சிக்காக டனீடின் போகிறார். அங்கிருந்து மருத்துவமனை. எட்டு ஆண்டுகள். மூன்றாம் பகுதி லண்டன், ஸ்பெயினின் இபிசா தீவு, காதல், மறுபடியும் லண்டனில் ஒரு மருத்துவமனை, கடைசியில் ஊர் திரும்புதல். நியூசிலாந்தை விட்டு அவர் கிளம்பியது 1956இல், திரும்பியது 1963இல்.

அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்ததா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். படத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது.

1945இல் அவர் பயிற்சி ஆசிரியை. குழந்தைகளோடு பழகுவதில் சிக்கல் இல்லை. பெரியவர்கள் இருக்கும் அறைக்குள் போவதுதான் பெரும்பாடு. சக ஆசிரியர்களோடு தேநீர் குடிக்கக்கூட உட்கார மாட்டார். ஒருநாள் மேலதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தபோது, எல்லோரையும் விட்டுவிட்டு வெளியே நடந்து போனார். திரும்பவே இல்லை. அதே ஆண்டில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். உளவியல் வகுப்புக்காக எழுதிய கட்டுரையில் அதையும் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்த விரிவுரையாளர் மேலிடத்தில் சொல்ல, ஜேனட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், என்று எழுதிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து லண்டனில் அவர் தானாகவே மாட்ஸ்லி மருத்துவமனைக்குப் போனார். மனநல மருத்துவத்தில் பிரிட்டனில் மிகவும் மதிக்கப்பட்ட இடம் அது. அங்கே நிதானமாகப் பல நாள் கவனித்துவிட்டு, உங்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா ஒருபோதும் இருந்ததில்லை என்றார்கள். இப்போதைய துன்பங்களில் பெரும்பகுதி, முந்தைய மருத்துவமனை வாழ்க்கை விட்டுச்சென்ற காயம்தான் என்றும் சொன்னார்கள்.

அப்படியானால் 1945இல் அவருக்கு என்னதான் இருந்தது? துக்கம் இருந்தது. தாங்க முடியாத கூச்சம் இருந்தது. சொத்தைப் பற்கள், அதனால் சிரிக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும் கை, பணமில்லாமை, பேச ஆளில்லாமை. இதெல்லாம் நோயின் பெயர்கள் அல்ல. உதவி தேவைப்பட்ட இளம்பெண்தான் அவர், அதில் மாற்றுக்கருத்து இல்லை. கிடைத்தது உதவியாக இல்லாமல் போனதுதான் கொடுமை.

அப்படியானால் எட்டு வருடம் எப்படி உள்ளேயே வைத்திருந்தார்கள்? அவரும் ஏன் எதிர்க்கவில்லை?

ஒருமுறை எழுதிய நோயின் பெயரை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. கோபப்பட்டால் நோய், பேசாமல் இருந்தால் நோய், அழுதால் நோய். 1945க்கும் 1955க்கும் இடையில், விட்டு விட்டுச் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டு ஆண்டுகள். டனீடினுக்கு வடக்கே இருந்த சீக்ளிஃப், கிறைஸ்ட்சர்ச்சில் சன்னிசைடு, ஆக்லாந்தில் ஏவன்டேல் என்று மூன்று மருத்துவமனைகள். ஜேனட் சிறுமியாக இருந்தபோது ரயில் சீக்ளிஃப் ஸ்டேஷனைக் கடக்கும், அங்கே இருப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்வார்கள். அந்தச் சிறுமியையே பின்னால் அதே இடத்துக்குக் கொண்டுபோகிறது வாழ்க்கை.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ஜேனட்டே தன் சுயசரிதையில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கட்டுரையைப் படித்த அந்த விரிவுரையாளர், படத்தில் ஜான் ஃபாரஸ்ட் என்ற பெயரில் வருகிறார். நிஜத்தில் அவர் ஜான் மணி. பிற்காலத்தில் அமெரிக்காவில் பாலின ஆய்வில் பெயரும் சர்ச்சையும் சேர்த்துக்கொண்டவர். இளைஞர், அழகாகப் பேசுபவர். ஜேனட்டுக்கு அவர்மேல் ஈர்ப்பு. ஓவியர் வான்கோ, இசையமைப்பாளர் ஹியூகோ வுல்ஃப் இவர்களோடு சேர்த்து ஜேனட்டைப் பேசுகிறார் அவர். மனம் பிறழ்ந்த மேதைகள் வரிசையில் நீயும் ஒருத்தி என்று அர்த்தம்.

யாருமே கவனிக்காத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நூலகத்துக்குப் போய் ஸ்கிசோஃப்ரீனியாவின் அறிகுறிகளைப் படித்தார். அந்த விரிவுரையாளரின் அக்கறை குறைகிறது என்று தோன்றும்போது அந்த அறிகுறிகளைக் கொஞ்சம் நடித்தும் காட்டினார். தன்னைப் பார்க்க வைக்க அவரிடம் இருந்த ஒரே வழி நோயாளியாக இருப்பதுதான். படம் இந்த உறவை வில்லன், பலியாள் என்று பிரிக்கவில்லை. ஜேனட்டின் கதைகளைப் பதிப்பகத்துக்குக் கொண்டுசேர்த்ததும் இதே ஆள்தான்.

மூளை அறுவை சிகிச்சையை ஒரு இலக்கியப் பரிசு நிறுத்தியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. லூகாட்டமி என்ற அந்த அறுவை சிகிச்சை அப்போது உலகம் முழுக்கப் பரவியிருந்தது. மூளையின் முன்பகுதியை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பு இழைகளைத் துண்டிப்பார்கள். நோயாளி அமைதியாகிவிடுவார். பலர் அதற்குப் பிறகு பழைய ஆளாகவே இல்லை. இதைத் தொடங்கிவைத்த போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றால், எந்த அளவுக்கு நம்பினார்கள் என்று புரியும்.

ஜேனட்டின் அம்மாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. நாளும் குறித்தாயிற்று. இதற்கிடையில் கேக்ஸ்டன் அச்சகம் வெளியிட்ட அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ‘தி லகூன்’ ஹியூபர்ட் சர்ச் நினைவுப் பரிசை வென்றது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் செய்தித்தாளில் அதைப் பார்த்தார். அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டது.

படத்தில் இந்தக் காட்சிக்கு இசை முழக்கம் கிடையாது, கட்டிப்பிடித்து அழுவது கிடையாது. மருத்துவர் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். பார்க்கும் நமக்குத்தான் முதுகு சில்லிட்டுப் போகும். பரிசு வேறு யாருக்காவது போயிருந்தால்? அல்லது அவர் அன்று செய்தித்தாளைப் புரட்டாமல் இருந்திருந்தால்? அதே வார்டில் புத்தகம் எழுதாத பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? ஜேனட்டின் சுயசரிதையிலும் இந்தக் குற்றவுணர்வு இருக்கிறது. தன் தோழி ஒருத்திக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்ததை அவர் மறக்கவே இல்லை.

மருத்துவமனைக் காட்சிகளைத் தாங்க முடியுமா?

கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நேரம் குறைவு. 158 நிமிடப் படத்தில் மருத்துவமனை சிறு பங்குதான். ஜேனட்டும் சுயசரிதையில் அந்த வருடங்களைச் சட்டென்று கடந்துவிடுகிறார். முழுமையாக அவர் எழுதியது 1961இல் வந்த ‘ஃபேசஸ் இன் தி வாட்டர்’ நாவலில்.

மின் அதிர்ச்சி சிகிச்சை, அதாவது நாம் ஷாக் ட்ரீட்மெண்ட் என்று சொல்வது, அவருக்கு 200 முறைக்கு மேல் கொடுக்கப்பட்டது. மயக்க மருந்து இல்லை, தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லை. ஒவ்வொரு முறையும் தூக்குமேடைக்குப் போகும் பயம் என்று எழுதியிருக்கிறார். இன்று அந்தச் சிகிச்சையை மயக்க மருந்து கொடுத்து, கண்காணிப்போடுதான் செய்கிறார்கள். கடுமையான மனச்சோர்வில் பலருக்குப் பலனும் தருகிறது. படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவர் அதைப் பரிந்துரைத்திருந்தால் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

ஜேனட்டாக நடித்தவர் யார்?

மூன்று பேர். குழந்தையாக அலெக்சியா கியோ, பதின்வயதில் கேரன் ஃபெர்குசன், பெரியவளாக கெர்ரி ஃபாக்ஸ். ஒருவர் இன்னொருவராக மாறும் இடம் உறுத்தவே உறுத்தாது. அந்தச் சிவப்புச் சுருட்டை முடி உதவுகிறது என்றாலும் காரணம் அது மட்டும் இல்லை. தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பதை மூவரும் ஒரே மாதிரி செய்கிறார்கள்.

அலெக்சியாவின் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சிறுமி ஜேனட் அப்பாவின் பையிலிருந்து காசை எடுத்து, வகுப்பு முழுக்க சூயிங்கம் வாங்கிக் கொடுக்கிறாள். எல்லோரும் தன்னோடு சேர வேண்டும் என்ற ஆசை, வேறொன்றும் இல்லை. ஆசிரியை கண்டுபிடித்து, எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்துத் திருடி ஆக்குகிறார். அந்தக் குழந்தை முகத்தை மறக்க முடியாது.

கெர்ரி ஃபாக்ஸுக்கு இது முதல் படம். அந்த வகுப்பறைக் காட்சியில், மேலதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்க, கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்கிறார். சாக்பீஸையே பார்க்கிறார். நேரம் போகிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஒரு வசனமும் இல்லாமல், ஒரு ஆளுக்குள் எல்லாமே நின்றுபோவதைக் காட்டிவிடுகிறார். எனக்குத் தெரிந்த அளவில் கூச்சம் என்பதை இத்தனை சரியாகக் காட்டிய நடிப்பு வேறு இல்லை.

உளவியல் படம் என்கிறார்கள். பயங்கரக் கனவு, மாயக் குரல் எதுவும் இல்லையே?

இல்லாததுதான் இந்தப் படத்தின் நேர்மை. மனநோய் என்றதும் சாய்ந்த கேமரா, சிதறிய பிம்பம், காதைக் கிழிக்கும் ஒலி என்று ஒரு பழக்கம் சினிமாவில் உண்டு. கேம்பியன் அதை இங்கே செய்திருந்தால், ஜேனட்டுக்கு நோய் இருந்தது என்று அந்த மருத்துவர்களோடு சேர்ந்து அவரும் கையெழுத்துப் போட்டதாக ஆகியிருக்கும். அதனால் ஜேனட்டைச் சுற்றியுள்ள எல்லாமே தெளிவான பகல் வெளிச்சத்தில் இருக்கிறது. மனதுக்குள் நடப்பதை ஒரு கையசைவு, அத்தையின் சமையலறையில் எதுவும் வேண்டாம் என்று பசியோடு சொல்லும் விதம், அறையில் ஒளித்துவைக்கும் பொருட்கள் இவற்றிலிருந்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்தாளர் என்றால் தனிமையில்தான் வாழ வேண்டும் என்று படம் சொல்கிறதா?

இரண்டு விதத் தனிமையைப் படம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒன்று, பூட்டிய வார்டு. ஐம்பது பேர் நடுவில் இருந்தும் பேச ஒருவர் இல்லை. இன்னொன்று, தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அறை. முதலாவது ஜேனட்டைக் கிட்டத்தட்ட அழித்தது. இரண்டாவதில்தான் அவர் எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததுதான் அவருடைய வாழ்க்கையில் நேர்ந்த பெரிய விபரீதம். தனியாக இருக்க விரும்புகிறாள், அதனால் நோயாளி என்று நினைத்தார்கள்.

மாட்ஸ்லியில் டாக்டர் ராபர்ட் காலி என்பவர் இதைப் புரிந்துகொண்டார். நாலு பேரோடு கலந்து பழகு என்று எல்லோரும் சொல்வார்கள், உனக்குத் தனியாக இருந்து எழுதுவதுதான் பிடிக்கும் என்றால் அப்படியே இரு, என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து. ‘ஃபேசஸ் இன் தி வாட்டர்’ நாவலை ஜேனட் அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

நோய் இல்லை என்று கேட்டதும் ஜேனட் துள்ளிக் குதித்திருப்பார் என்று நினைப்போம். அவருக்கோ கையிலிருந்த ஏதோ ஒன்று பறிபோனது போல இருந்தது. நோய் என்று ஒன்று இருந்தவரை உதவி கேட்க ஒரு காரணம் இருந்தது. இனி எதைச் சொல்லிக் கேட்பது? இந்தக் குழப்பத்தைப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது.

தோட்டத்துக் குடிசையில் இடம் கொடுத்த பெரியவர் நிஜமானவரா?

நிஜம்தான். ஃபிராங்க் சார்ஜசன், நியூசிலாந்துச் சிறுகதையின் முன்னோடி. மார்ட்டின் சாண்டர்சன் நடித்திருக்கிறார். ஆக்லாந்தின் டாக்கபூனா பகுதியில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில், ஒரு பழைய ராணுவக் குடிசையை 1955இல், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ஜேனட்டுக்குக் கொடுத்தார். சாப்பாடு, எழுத ஒரு மேஜை, எழுதும் நேரத்தில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்ற உறுதி. அரசாங்க உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார். அவரும் சமூகத்தின் விளிம்பில் வாழ்ந்தவர்தான். ஓரினச்சேர்க்கையாளர், நியூசிலாந்தில் அது 1986 வரை குற்றமாக இருந்தது.

இந்தப் பகுதியில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். சார்ஜசன் குடிசைப் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டதும், எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்ட ஜேனட் அவசரமாக டைப் அடிக்கிறார். அடிப்பது என்ன? தட்டச்சுப் பயிற்சியில் எல்லோரும் அடிப்பார்களே, சோம்பேறி நாயைத் தாண்டும் பழுப்பு நரி, அந்த வாக்கியம். எழுத உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த பயம். அந்தக் குடிசையில்தான் முதல் நாவல் ‘அவுல்ஸ் டு க்ரை’ பிறந்தது. 1957இல் வெளிவந்தது.

புத்தகத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது?

சம்பவங்கள் பெரும்பாலும் அப்படியே. மாறியது மொழி. ஜேனட்டின் உரைநடையில் ஒரு சாதாரண ஞாபகம்கூட மூன்று வரிக்குள் எங்கெங்கோ போய்விடும். அந்தப் பயணத்தைக் கேமரா செய்ய முடியாது. கேம்பியன் அதற்கு முயலவும் இல்லை. சிறிய சிறிய காட்சிகளாக வெட்டி வெட்டி வைத்திருக்கிறார். சில காட்சிகள் முழு நிமிடம்கூட ஓடாது. ஞாபகம் அப்படித்தானே வரும்.

தன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கட்டுக்கதைகளைத் திருத்தவே ஜேனட் சுயசரிதை எழுதினார். நாவல்களில் வரும் மனநோயாளிகளை எல்லாம் அவரே என்று படித்தார்கள் வாசகர்கள். படம் எடுத்தபோது படப்பிடிப்பு இடத்துக்கும் அவர் வந்திருக்கிறார்.

தலைப்பில் வரும் தேவதை யார்?

சுயசரிதையின் இரண்டாம் பாகத்துக்கு வைத்த பெயர் அது. கவிஞர் ரில்கே பிரெஞ்சில் எழுதிய ஒரு சிறு கவிதையிலிருந்து எடுத்தது. தேவதை திடீரென்று உன் மேஜைக்கு வந்தால் அசையாமல் இரு என்று தொடங்கும் கவிதை.

அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று எங்கேயோ படித்தேன்.

2007இல் நியூசிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் அப்படி ஒரு கட்டுரை வந்தது. அவருடைய இலக்கியச் சொத்துகளைக் கவனிக்கும் குடும்பத்தினர் அதை மறுத்தார்கள். ஆட்டிசத்தைக் குறையாகப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. வாழ்ந்தபோது ஒரு தவறான பெயரைச் சுமந்து எட்டு வருடம் இழந்தவர் அவர். இறந்த பிறகு, அவரைச் சந்திக்காமல், புத்தகங்களை மட்டும் வைத்து இன்னொரு பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

படம் ரொம்ப மெதுவாகப் போகுமா?

மெதுவு என்று சொல்ல மாட்டேன். காட்சிகள் வேகமாகத்தான் மாறும். ஆனால் எங்கேயும் உங்களை இழுத்துப் பிடித்து அழ வைக்காது. பழக்கமில்லாதவர்கள் முதலில் வந்த மாதிரியே மூன்று பகுதியாக, மூன்று நாள் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். முதல் பகுதி முடியும்போது அடுத்ததைப் போடாமல் இருக்க முடிந்தால் ஆச்சரியம்தான்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மருத்துவமனைக் காட்சிகள், சாவு, தற்கொலை முயற்சி, இபிசா பகுதியில் நிர்வாணம், கருச்சிதைவு எல்லாம் உண்டு. பதினாறு பதினேழு வயதில், யாரோடும் சேராமல் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நீங்கள் முதலில் பாருங்கள். பிறகு சேர்ந்து பாருங்கள். மனம் தளர்ந்த நிலையில் இருப்பவர்கள் தனியாகப் பார்க்காமல், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பார்ப்பது நல்லது.

படம் பார்த்த பிறகு ஜேனட்டின் எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்?

சுயசரிதையின் முதல் பாகமான ‘டு தி இஸ்-லேண்ட்’. படத்தில் பார்த்த ஓமரு வீடும் அக்கா தங்கைகளும் அதில் இன்னும் நெருக்கமாக வருவார்கள், ஆங்கிலமும் கடினமாக இருக்காது. மூன்று பாகங்களும் சேர்ந்து ஒரே புத்தகமாகவும் கிடைக்கிறது. அதன் பிறகு ‘ஃபேசஸ் இன் தி வாட்டர்’. அதை ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம், சில அத்தியாயங்களுக்குப் பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வரத் தோன்றும். ‘அவுல்ஸ் டு க்ரை’ நாவலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கவிதையும் கதையும் கலந்து ஓடும் நடை, முதல் இருபது பக்கம் பிடிபடாமல் இருக்கலாம். விட்டுவிடாமல் தொடருங்கள்.